புறநகரில் நடைக்கும் சைக்கிளுக்கும் வழித்தடம் வகுப்பது எப்படி: தாம்பரத்தை முன்வைத்து ஒரு கையேடு

தாம்பரம் போன்ற புறநகரில் வசிக்கும் பலருக்கு ரயில் நிலையம், பள்ளி, ரேஷன் கடை, காய்கறிக் கடை, கோயில் எல்லாமே 3 கிலோமீட்டருக்குள் இருக்கின்றன. மணிக்கு 12 கிலோமீட்டர் என்ற நிதானமான வேகத்தில் சைக்கிள் ஓட்டினாலே இந்தத் தூரத்தை 15 நிமிடங்களில் கடந்துவிடலாம். அப்படியிருந்தும் பிள்ளையைப் பள்ளியில் விடவும், மின்சார ரயிலைப் பிடிக்கவும் இருசக்கர வாகனத்தையோ ஷேர் ஆட்டோவையோ நாடுவதே வழக்கமாகிவிட்டது. இதற்குத் தூரமும் காரணமில்லை, சைக்கிள் இல்லாமையும் காரணமில்லை. அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பதினொன்றாம் வகுப்பு படிக்கும் மாணவர்களுக்குத் தமிழ்நாடு அரசு பல ஆண்டுகளாக விலையில்லா சைக்கிள் வழங்கிவருகிறது. வீட்டு வாசலிலிருந்து சேருமிடம் வரை அறுபடாமல் செல்லும், பயமின்றிச் செல்லக்கூடிய ஒரு வழிதான் இல்லை. அத்தகைய வழியைக் குடியிருப்போர் நலச் சங்கமோ, பெற்றோர் குழுவோ, மாமன்ற உறுப்பினரோ எப்படித் திட்டமிடலாம் என்பதை இங்கே விளக்குகிறேன்.

தாம்பரத்தை எடுத்துக்காட்டாகக் கொள்ளக் காரணம் உண்டு. 1931-இல் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. ஊர் அந்த ரயில் பாதையின் இரு பக்கமும் விரிந்தது. 2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய நகராட்சிகளையும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை ஆகிய பேரூராட்சிகளையும் இணைத்து 70 வார்டுகள் கொண்ட மாநகராட்சி உருவானது. வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு மனைப்பிரிவுகளாக வளர்ந்த பகுதிகள் இப்போது ஒரே நிர்வாகத்தின் கீழ் வந்துவிட்டன. ஆனால் அவற்றின் தெருக்கள் ஒன்றையொன்று நாடிச் செல்வதில்லை. மாநிலத்தின் பெரும்பாலான புறநகர்களின் நிலையும் ஏறக்குறைய இதுதான்.

எந்தப் பயணங்களுக்காக என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

நடைக்கும் சைக்கிளுக்கும் வழி என்றதும் பலருக்கும் பூங்காவைச் சுற்றிய நடைப்பயிற்சிப் பாதையே நினைவுக்கு வருகிறது. அது நல்லதுதான், ஆனால் வழித்தடத் திட்டத்தை அதிலிருந்து தொடங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. காலையில் உடற்பயிற்சிக்காக நடப்பவர் தமக்கு வசதியான நேரத்தையும் இடத்தையும் தேர்ந்துகொள்ள முடியும். பள்ளி மணிக்கு முன் போய்ச் சேர வேண்டிய சிறுமிக்கும், வேலை முடிந்து இரவில் ரயிலிலிருந்து இறங்கி வீடு திரும்பும் பெண்ணுக்கும், வீட்டு வேலைக்காக மூன்று தெரு தாண்டிச் செல்பவருக்கும் அந்தச் சுதந்திரம் இல்லை. அவர்களுக்காக வகுத்த வழி நடைப்பயிற்சிக்கும் தானே உதவும். நடைப்பயிற்சிக்காக வகுத்த வழி அவர்களுக்கு உதவும் என்று சொல்ல முடியாது.

ஆகவே ஒரு வார்டையோ, அடுத்தடுத்த இரண்டு வார்டுகளையோ எடுத்துக்கொண்டு, மக்கள் அன்றாடம் போகும் இடங்களைப் பட்டியலிடுங்கள். பள்ளிகள், ரயில் நிலையத்தின் ஒவ்வொரு நுழைவாயில், பேருந்து நிறுத்தங்கள், ஆரம்ப சுகாதார நிலையம், ரேஷன் கடை, அங்கன்வாடி, சந்தை, வழிபாட்டிடங்கள் என அது அமையும். பேருந்து நிறுத்தங்களைத் தவறவிடாதீர்கள். 2021 மே மாதம் முதல் மாநகரப் பேருந்துகளில் சாதாரணக் கட்டண வண்டிகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்கிறார்கள். ஒவ்வொரு பேருந்துப் பயணத்தின் இரு முனையிலும் ஒரு நடைப்பயணம் இருக்கிறது. பிறகு பள்ளியில் இரண்டு வகுப்புகளிலும், ரயில் நிலைய வாசலில் ஒரு காலையிலும், சந்தையில் ஒரு மாலையிலும் நான்கே கேள்விகள் கேளுங்கள்: எங்கிருந்து வருகிறீர்கள், எப்படி வந்தீர்கள், எந்தத் தெரு வழியாக, வழியில் எந்த இடம் உங்களுக்கு அச்சம் தருகிறது? கடைசிக் கேள்விக்கான விடைகளே பின்னால் அதிகம் பயன்படும். பெரும்பாலானோர் ஒரே மூன்று நான்கு இடங்களைச் சுட்டுவதை நீங்கள் காண்பீர்கள்.

வரைபடத்தில் தடைகளிலிருந்து தொடங்குங்கள்

அடுத்து ஒரு பெரிய வரைபடத்தை அச்சிட்டு மேசையில் விரித்துக்கொள்ளுங்கள். கூகுள் வரைபடம் பலருக்கும் பழகியது; என்றாலும் இந்தப் பணிக்கு ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் கூடுதலாக உதவும், ஏனெனில் விடுபட்ட சந்துகளையும் படிக்கட்டுகளையும் நடைபாலங்களையும் நீங்களே அதில் சேர்க்க முடியும்; சேர்த்தது எல்லோருக்கும் பொதுவாகவும் இருக்கும். செல்பேசியில் தெரு வாரியாகச் சிறு கேள்விகள் கேட்டு விவரம் சேர்க்கும் ஸ்ட்ரீட் கம்ப்ளீட் என்ற செயலி, கல்லூரி மாணவர்களை இந்த வேலையில் ஈடுபடுத்த ஏற்றது.

வரைபடத்தில் பாதைகளை வரைவதற்கு முன், கடக்க முடியாத கோடுகளைச் சிவப்பு மையால் வரையுங்கள். தாம்பரத்தில் அவை தெளிவாகத் தெரியும். ரயில் பாதையும் அதை ஒட்டிச் செல்லும் ஜி.எஸ்.டி. (கிராண்ட் சதர்ன் டிரங்க்) சாலையும் ஊரைக் கிழக்குத் தாம்பரம், மேற்குத் தாம்பரம் என்று பிளக்கின்றன. கிழக்கில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் பெரிய வளாகமும் விமானப்படைத் தளமும் இருக்கின்றன. அவற்றின் ஊடாகப் பொதுவழி கிடையாது, சுற்றித்தான் போக வேண்டும். சானடோரியம் பகுதியில் நெஞ்சக நோய் மருத்துவமனை, ஏற்றுமதி வளாகம் ஆகியவற்றின் மதில்கள் நீளமானவை. சிட்லபாக்கம், சேலையூர், செம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம், மாடம்பாக்கம் ஏரிகளும் தெருக்களை நிறுத்திவிடுகின்றன. இவற்றைத் தவிர, ஒரு மனைப்பிரிவு முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் எழுப்பிய குறுக்குச் சுவர்கள் பல இருக்கும், அவற்றையும் குறியுங்கள்.

தடைகளைக் குறித்தபின், வீடுகள் அடர்ந்த ஓர் இடத்திலிருந்து ரயில் நிலையத்துக்கோ பள்ளிக்கோ நேர்கோட்டுத் தூரம் எவ்வளவு, தெருவழியே நடக்கும் தூரம் எவ்வளவு என்று இரண்டையும் அளந்து, இரண்டாவதை முதலாவதால் வகுத்துப் பாருங்கள். கட்டம் போட்டது போன்ற தெருக்களில் இது 1.3 அளவில் இருக்கும். 2-ஐத் தாண்டினால், நடப்பவர் தேவையின்றி இரண்டு மடங்கு தூரம் அலைகிறார் என்று பொருள். அங்கே ஒரு சிறு இணைப்பு பெரும் மாற்றத்தைத் தரும். ஒரு குறுக்குச் சுவரில் இரண்டு மீட்டர் அகலத்துக்கு ஒரு திறப்பு கிடைத்தால், பல நூறு மீட்டர் நீளத்துக்கு நடைபாதை போடுவதைவிட அது கூடுதலாகப் பயன்படக்கூடும். வாகனங்கள் நுழைந்துவிடும் என்று அத்தெருவாசிகள் அஞ்சுவது இயல்பு. தடுப்புத் தூண்களைச் சரியான இடைவெளியில் நட்டால் சைக்கிளும் சக்கர நாற்காலியும் செல்லும், கார் செல்லாது என்பதை அவர்களுக்கு இடத்தில் வைத்தே விளக்க வேண்டும்.

ரயில் பாதையைப் பொறுத்தவரை மாற்றுவழி குறைவு. தண்டவாளத்தைக் குறுக்கே கடப்பது ரயில்வே சட்டத்தின் 147-ஆம் பிரிவின்படி குற்றம். அதைவிட முக்கியமாக, உயிரைப் பறிப்பது. ஆகவே சுரங்கப்பாதைகள், மேம்பாலங்கள், நிலைய நடைமேம்பாலங்கள் ஆகிய கடவைகளை முதலில் நிலைநிறுத்திக்கொண்டு, அவற்றை நோக்கித்தான் தெருவழிகளை வளைக்க வேண்டும். கிழக்கு மேற்காகச் செல்லும் எந்த வழித்தடத்துக்கும் இந்தக் கடவைகளே மையம்.

உள் தெருக்களைக் கோத்தல்

பிரதான சாலையில் தனிச் சைக்கிள் தடம் வேண்டும் என்று கேட்பதோடு பல குழுக்கள் நின்றுவிடுகின்றன. ஜி.எஸ்.டி. சாலையிலும் வேளச்சேரி சாலையிலும் அது ஒருநாள் வர வேண்டும். அதற்காகக் குரல் கொடுப்பதும் சரியே. ஆனால் இன்றே கையில் இருப்பவை உள் தெருக்கள். அவற்றில் போக்குவரத்து குறைவு, மர நிழல் உண்டு, வேகத்தையும் எளிதில் கட்டுப்படுத்தலாம். சேலையூரிலிருந்து தாம்பரம் ரயில் நிலையம் செல்ல எல்லோருக்கும் தெரிந்த வழி வேளச்சேரி சாலை; பேருந்தும் லாரியும் ஷேர் ஆட்டோவும் நெருக்கும் அந்தச் சாலையில் பதின்மூன்று வயதுப் பிள்ளையைத் தனியாகச் சைக்கிளில் அனுப்ப எந்தப் பெற்றோரும் தயங்குவார்கள். அதற்கு இணையாகச் செல்லும் குடியிருப்புத் தெருக்களை ஒன்றோடொன்று கோத்து வழி அமைப்பதே முதல் முயற்சியாக இருக்க வேண்டும்.

கோக்கும்போது இரண்டைப் பாருங்கள். முதலாவது, வழி அதிகம் வளையக் கூடாது. நேர்வழியைவிடக் கால் பங்குக்கு மேல் கூடுதல் தூரம் என்றால் மக்கள் பழைய ஆபத்தான வழியிலேயே போவார்கள். இரண்டாவது, திருப்பங்கள் குறைவாக இருக்க வேண்டும். ஐம்பது மீட்டருக்கு ஒரு திருப்பம் இருக்கும் வழி யாருக்கும் மனத்தில் பதியாது. கடைகள் நிறைந்த தெருவைச் சத்தமும் நெரிசலும் கருதித் தவிர்க்கத் தோன்றும். ஆனால் இரவில் விளக்கும் ஆள் நடமாட்டமும் உள்ள தெரு அதுவாகத்தான் இருக்கும். ஆகவே ஒரே வழிக்குப் பகலில் ஒன்றும் இரவில் வேறொன்றுமாக இரண்டு கிளைகள் வைத்துக்கொள்வதில் தவறில்லை.

ஏரிக்கரைகள் இயல்பாகவே நல்ல வழிகள். வாகனம் இல்லை, காற்று உண்டு, குறுக்குச் சாலைகள் இல்லை. சிட்லபாக்கம் ஏரியையும் செம்பாக்கம் ஏரியையும் சீரமைத்தபின் அவற்றின் கரைகளில் மக்கள் நடப்பது இயல்பாகிவிட்டது. எனினும் கரையை அன்றாடப் பயண வழியாகக் கருதுவதற்கு முன், வாயில்கள் எத்தனை மணிக்குப் பூட்டப்படுகின்றன, விளக்கு உண்டா, நடுவில் வெளியேற வழி உண்டா, ஏரியின் உபரிநீர் வெளியேறும் கலங்கல் வழியே மழைக்காலத்தில் நீர் பாயுமா என்று விசாரியுங்கள். ஒரு முனையில் நுழைந்தால் மறுமுனையில்தான் வெளியேற முடியும் என்ற நிலையில், மாலை ஆறு மணிக்குமேல் பெண்கள் அதைப் பயன்படுத்த மாட்டார்கள்.

நடந்து பார்த்து அளத்தல்

வரைபடத்தில் வழி கிடைத்ததும் கள ஆய்வு. இந்தக் கட்டத்துக்கே மொத்த உழைப்பில் பாதியை ஒதுக்க வேண்டும் என்று சொல்வேன். அளவு நாடா, செல்பேசி, வரைபடத்தின் பகுதி நகல்கள், எழுத ஒரு அட்டை, இவை போதும். கருவியைவிட முக்கியம், உடன் வருபவர்கள். தடியூன்றி நடக்கும் ஒரு பெரியவர், குழந்தையை இடுப்பில் வைத்திருக்கும் ஒரு தாய், சக்கர நாற்காலியில் வரும் ஒருவர், ஒரு பள்ளி மாணவி ஆகியோர் குழுவில் இருக்க வேண்டும். நல்ல உடல்நிலையில் உள்ள ஆண்கள் மட்டும் சென்று வந்த ஆய்வில் பாதித் தடைகள் பதிவாகாது. அவர்கள் தாண்டிக் குதித்துப் போய்விடுவதே அதற்குக் காரணம். ஆய்வைப் பள்ளி தொடங்கும் வேளையில் ஒரு முறையும், இருட்டியபின் ஒரு முறையும், முடிந்தால் மழை பெய்த மறுநாள் ஒரு முறையும் செய்யுங்கள்.

அளவுகளுக்கு, சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் நெறிமுறைகளை அடிப்படையாகக் கொள்ளுங்கள். அதிகாரிகளிடம் பேசும்போது அதுவே பொது மொழியாக இருக்கும். நடைபாதையில் தடையின்றி நடக்கக்கூடிய அகலம் குறைந்தது 1.8 மீட்டர், தலைக்கு மேல் தடையற்ற உயரம் 2.2 மீட்டர், சாலையிலிருந்து நடைபாதையின் உயரம் 15 சென்டிமீட்டருக்கு மிகாமல் என்று அவை கூறுகின்றன. 1.8 மீட்டர் என்ற அளவுக்குக் காரணம் எளியது: இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே வந்தால் ஒதுங்கிச் செல்ல அவ்வளவு இடம் வேண்டும். நடைபாதையின் மொத்த அகலத்தை அளக்காமல், மின்மாற்றி, மின்பகிர்மானப் பெட்டி, மரம், விளம்பரப் பலகை, கடை முன்னால் நீட்டிய படிக்கட்டு ஆகியவற்றைக் கழித்தபின் எஞ்சும் அகலத்தை அளக்க வேண்டும். மூன்று மீட்டர் நடைபாதை என்று காகிதத்தில் இருக்கும் இடத்தில் ஒரு மின்பெட்டிக்கும் சுவருக்கும் இடையே 60 சென்டிமீட்டர்தான் இருக்கலாம். அந்த இடத்தில் நடப்பவர் சாலையில் இறங்கித்தான் ஆக வேண்டும். எஞ்சிய நீளம் முழுவதும் எவ்வளவு நன்றாக இருந்தாலும், அந்தச் சில மீட்டர்களே அந்த வழியின் தரத்தை நிர்ணயிக்கின்றன. அதனால் நடைபாதையின் சராசரி அகலத்தைப் பதிவதை விட்டுவிட்டு, ஒவ்வொரு நூறு மீட்டரிலும் மிகக் குறுகிய இடத்தின் அளவைப் புகைப்படத்தோடு பதியுங்கள்.

நம் ஊரில் நடைபாதை பெரும்பாலும் மழைநீர் வடிகாலின் மூடியாகவே இருக்கிறது. ஆகவே சிமென்ட் பலகைகள் ஆடுகின்றனவா, இடைவெளி உண்டா, பலகை எடுக்கப்பட்டுத் திரும்ப வைக்கப்படாமல் இருக்கிறதா என்று ஒவ்வொன்றையும் மிதித்துப் பார்க்க வேண்டும். வீட்டு வாசல்தோறும் கார் ஏறுவதற்காக நடைபாதையை வெட்டிச் சரிவு அமைத்திருப்பார்கள். நடப்பவர் ஒவ்வொரு பத்து மீட்டருக்கும் ஏறி இறங்க வேண்டியிருந்தால், அவர் சாலையில் நடப்பதையே விரும்புவார். நடைபாதை தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் சரிவு உண்டா, அதன் ஏற்றம் 1-க்கு 12 (1 மீட்டர் உயர 12 மீட்டர் நீளம்) என்ற விகிதத்துக்குள் இருக்கிறதா என்றும் பாருங்கள். குடியிருப்புத் தெருக்களில் நடைபாதையே இருக்காது. அங்கே முழுத் தெருவும் நடப்பவருக்கும் உரியது என்ற நிலையை வேகக் கட்டுப்பாட்டின் மூலம் உண்டாக்குவதே நடைமுறைக்கு ஏற்றது.

தெரு வியாபாரிகளை ஆய்வில் ஆக்கிரமிப்பு என்று ஒரே சொல்லில் எழுதிவிட வேண்டாம். 2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் பாதுகாப்புச் சட்டம் அவர்களுக்கு உரிமை தந்திருக்கிறது. பூக்காரம்மாவும் இளநீர்க் கடைக்காரரும் இருக்கும் இடத்தில் இரவில் நடப்பவருக்குத் துணை கிடைக்கிறது என்பதும் உண்மை. நடக்கும் அகலத்தை விட்டு, மரங்களும் மின்கம்பங்களும் நிற்கும் ஓரப் பட்டையில் அவர்களுக்கு இடம் வகுக்க முடியுமா என்று அவர்களோடு சேர்ந்தே அளந்து பார்க்க வேண்டும். நடைபாதையில் ஏற்றி நிறுத்திய இருசக்கர வாகனங்களும் கார்களும்தான் பெரும்பாலான இடங்களில் உண்மையான தடை.

தெருநாய்களையும் பதிவு செய்யுங்கள். அதிகாலையில் டியூஷனுக்குச் சைக்கிளில் போகும் பிள்ளைகள் ஒரு தெருவைத் தவிர்ப்பதற்கு நாய்கள் துரத்துவதே பெரும்பாலும் காரணம். அத்தெருவில் குப்பை எங்கே கொட்டப்படுகிறது என்று பார்த்து, அதையும் கருத்தடைத் திட்டத்தையும் சேர்த்து மாநகராட்சியிடம் சொல்ல வேண்டும்.

கடக்கும் இடங்கள்

உள் தெருக்களைக் கோத்து அமைத்த எந்த வழியும் எங்காவது ஒரு பெரிய சாலையைக் கடந்தாக வேண்டும். அங்கேதான் உயிர் போகிறது. அங்கேதான் பெற்றோரின் மனமும் பின்வாங்குகிறது. பணமும் செல்வாக்கும் குறைவாக இருந்தால், முழுவதையும் கடக்கும் இடங்களுக்கே செலவிடுங்கள். நடைபாதை இல்லாத தெருவில் எச்சரிக்கையோடு நடந்துவிடலாம், கடக்க முடியாத சாலை முன்னால் வந்தால் வழியே முடிந்துபோகிறது.

கேம்ப் ரோடு சந்திப்பு போன்ற ஓர் இடத்தில் நின்று, ஒருவர் சாலையைக் கடக்க எத்தனை விநாடி காத்திருக்கிறார் என்று இருபது பேருக்குக் குறித்துப் பாருங்கள். காத்திருப்பு நீண்டுபோனால் மக்கள் பொறுமை இழந்து வாகனங்களுக்கு நடுவே புகுகிறார்கள். அப்படிப் புகுபவர்களின் எண்ணிக்கையையும் தனியே குறியுங்கள். சிக்னல் உள்ள இடத்தில் கணக்கு எளிது. சாலையின் அகலம் 24 மீட்டர் என்று கொள்வோம். பொறியாளர்கள் பொதுவாக நடை வேகத்தை விநாடிக்கு 1.2 மீட்டர் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அதன்படி 20 விநாடி போதும். முதியவர் விநாடிக்கு 0.8 மீட்டர்தான் நடப்பார் என்றால் அவருக்கு 30 விநாடி வேண்டும். பச்சை விளக்கு எத்தனை விநாடி எரிகிறது என்று கைக்கடிகாரத்தைப் பார்த்து எழுதி, இந்தக் கணக்கையும் சேர்த்துக் கொடுத்தால், போக்குவரத்துக் காவல்துறையிடம் உங்கள் கோரிக்கைக்கு மதிப்பு கூடும்.

சிக்னல் இல்லாத இடத்தில் வெறும் வெள்ளைக் கோடுகள் பயன் தருவதில்லை. நடைபாதையின் உயரத்துக்குச் சாலையையே உயர்த்தி அமைக்கும் மேடைக் கடவை வாகனத்தின் வேகத்தைத் தானே குறைக்கும். சாலையின் நடுவே நின்று மூச்சு வாங்க ஒரு திட்டு இருந்தால், ஒரு நேரத்தில் ஒரு பக்கப் போக்குவரத்தை மட்டும் கவனித்தால் போதும். சைக்கிளின் நீளம் ஏறத்தாழ 1.8 மீட்டர், ஆகவே அந்தத் திட்டின் அகலம் 2 மீட்டராவது இருந்தால்தான் சைக்கிளோடு நிற்பவரின் சக்கரம் சாலையில் நீட்டிக்கொண்டிருக்காது. நடைமேம்பாலத்தை நான் கடைசித் தீர்வாகவே கருதுகிறேன். முழங்கால் வலி உள்ளவரும், சுமை தூக்குபவரும், சைக்கிளில் வருபவரும் அதில் ஏறுவதில்லை. மின்தூக்கி வைத்தாலும் அது பழுதாகும் நாளில் அவர்கள் மீண்டும் சாலைக்கே வருகிறார்கள். ரயில் பாதைக்கு மேல் அது தவிர்க்க முடியாதது. சாலையைக் கடக்க, மனிதர் தரைமட்டத்தில் நடக்கவும் வாகனம் நிற்கவும் வழி செய்வதே முறை.

உள் தெருவும் பெரிய சாலையும் கூடும் முனையையும் பாருங்கள். முனை அகன்று வளைந்திருந்தால் வாகனங்கள் வேகம் குறைக்காமல் திரும்பும். அந்த வளைவைச் சுருக்கிக் கட்டினால் கடக்கும் தூரம் குறைகிறது, திரும்பும் வேகமும் குறைகிறது. மனிதரும் வாகனங்களும் கலந்து செல்லும் இடங்களில் மணிக்கு 30 கிலோமீட்டரே உச்ச வேகமாக இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. பள்ளிகளைச் சுற்றி அரைக் கிலோமீட்டருக்காவது இதைக் கேட்டுப் பெற வேண்டும்.

சைக்கிளுக்கென்று கவனிக்க வேண்டியவை

நடப்பவருக்கு நல்ல வழி எல்லாம் சைக்கிளுக்கும் நல்ல வழியாக அமையாது. ஆகவே வகுத்த வழியில் ஒரு மாணவரை முன்னால் ஓட்டச் சொல்லி, பெரியவர் ஒருவர் பின்தொடர்ந்து ஓட்டிப் பாருங்கள். அவர் எங்கே இறங்கித் தள்ளுகிறார், எங்கே நடுச்சாலைக்கு விலகுகிறார் என்பவற்றைக் குறியுங்கள். சாலையின் ஓரத்தில் குவிந்த மணல், சக்கரத்தின் திசையிலேயே கம்பிகள் ஓடும் வடிகால் மூடி, குழாய் பதித்தபின் சரியாக மூடாத பள்ளம் ஆகியவை கார் ஓட்டுபவருக்குத் தெரிவதே இல்லை. சைக்கிளில் வருபவரைக் கீழே தள்ளுபவை அவையே. வடிகால் மூடியைக் குறுக்காகத் திருப்பி வைக்கச் செலவு ஏதுமில்லை.

வேகத்தடை வேண்டும், ஆனால் விதிப்படி வேண்டும். சாலைக் காங்கிரஸின் அளவின்படி அது 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் நீளமும் கொண்ட மென்மையான வளைவாக இருக்க வேண்டும். தெருவாசிகள் தாமே போடும் குறுகிய, செங்குத்தான மேடு கார்களைத் தடுக்கும் அளவுக்குச் சைக்கிளையும் தடுக்கும். இரவில் வண்ணக்கோடு இல்லாத மேட்டில் விழுந்தவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

சைக்கிளை எங்கே நிறுத்துவது என்ற கேள்விக்கு விடை இல்லாவிட்டால் வழி இருந்தும் பயனில்லை. ஒரு கார் நிற்கும் இடத்தில் பத்துச் சைக்கிள்கள் நிற்கும். சைக்கிளின் சட்டத்தையே சங்கிலியால் பூட்ட உதவும் தலைகீழ் ‘ப’ வடிவக் குழாய்களைச் சந்தை வாசலிலும் பேருந்து நிறுத்தத்திலும் நட்டால் போதும். ரயில் நிலையத்தில் நாள் முழுவதும் நிறுத்த வேண்டியிருப்பதால் கூரையும் ஆள் பார்வையும் அவசியம்.

மழையும் வெயிலும்

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் எந்தத் தெருவில் முழங்கால் அளவு நீர் நிற்கும் என்பதை அத்தெருவில் பத்து ஆண்டுகள் வாழ்ந்தவர்களிடம் கேளுங்கள். 2015 வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகள் மூழ்கியதை இன்னும் யாரும் மறக்கவில்லை. சுரங்கப்பாதைகளில் சாதாரண மழைக்கே நீர் தேங்குவதுண்டு. ஆகவே வழித்தடத்தில் மூழ்கும் இடம் இருந்தால் அதற்கு ஒரு மாற்று வழியையும் வரைபடத்தில் இப்போதே குறித்து வைக்க வேண்டும். சாலையை மறுபடி போடும்போது பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்தபின்பே புதியதைப் போட வேண்டும் என்று தமிழ்நாடு அரசு அறிவுறுத்தியிருக்கிறது. அதைப் பின்பற்றாவிட்டால் சாலை உயர்ந்து நடைபாதை தாழ்ந்து வாய்க்காலாகிவிடும்.

வெயிலைப் பொறுத்தவரை நிழலே தீர்வு. தெருவின் எந்தப் பக்கம் பிற்பகல் மூன்று மணிக்கு, பள்ளி விடும் நேரத்தில், நிழலில் இருக்கிறது என்று பார்த்து அந்தப் பக்கமே நடைவழியைக் கொண்டுசெல்லுங்கள். புதிதாக நட புங்கையும் வேம்பும் பூவரசும் ஏற்றவை. வேர் மூச்சுவிட ஒரு மீட்டர் சதுரம் மண் விட வேண்டும், அந்தச் சதுரத்தைக் கழித்த பிறகும் நடக்க 1.8 மீட்டர் இருக்க வேண்டும்.

யாரிடம், என்ன கேட்பது

கோரிக்கை மனுக்கள் பல மாதங்கள் அலைவதற்குப் பெரும்பாலும் தவறான அலுவலகத்துக்குப் போவதே காரணம். உங்கள் வழித்தடத்தை உரிமையாளர் வாரியாக நிறம் பிரியுங்கள். உள் தெருக்கள் மாநகராட்சிக்கு உரியவை. பெரிய சாலைகள் நெடுஞ்சாலைத் துறையின் பொறுப்பில் இருக்கும். நிலையமும் சுரங்கப்பாதையும் ரயில்வேயோடு தொடர்புடையவை. ஏரிக்கரைக்கு நீர்வளத் துறையின் இசைவு தேவைப்படலாம். சிக்னல் காவல்துறையின் கையில். மின்பெட்டியை நகர்த்துவது மின்வாரியத்தின் வேலை. எந்தச் சாலை யாருடையது என்பதில் ஐயம் இருந்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரே கேள்வியாகக் கேட்டு எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.

மாநகராட்சிக்குரியவற்றை, வார்டின் ஒரு பகுதியில் வாழும் மக்கள் கூடும் பகுதி சபைக் கூட்டத்தில் வையுங்கள். 2022 நவம்பர் 1 அன்று, உள்ளாட்சி தினத்தில், தாம்பரம் மாநகராட்சிக்கு உட்பட்ட பம்மலில் நடந்த பகுதி சபைக் கூட்டத்தில் முதலமைச்சரே கலந்துகொண்டார். அந்த மேடை இத்தகைய கோரிக்கைகளுக்காகவே இருக்கிறது. சிறு பணிகளுக்கு, மக்கள் தம் பங்கைச் செலுத்தினால் அரசு எஞ்சியதைத் தரும் நமக்கு நாமே திட்டத்தையும் பயன்படுத்தலாம். முன்னுதாரணம் கேட்டால், சென்னை மாநகராட்சி 2014-இலேயே மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென ஒரு கொள்கையை ஏற்றதையும், 2019-இல் தியாகராய நகர் பாண்டி பஜாரில் அகன்ற நடைபாதை வளாகத்தைத் திறந்ததையும் சுட்டுங்கள். தடையற்ற நடைபாதை, அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் கூறியிருப்பது எல்லாவற்றையும்விட வலுவான சான்று.

மனுவில் இருபது கோரிக்கைகளை எழுதாதீர்கள். ஒரு வழித்தடம், அதில் மிக மோசமான ஐந்து இடங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு புகைப்படம், ஓர் அளவு, ஒரு வரி தீர்வு. இவை இரண்டு பக்கத்துக்குள் அடங்க வேண்டும். வார்டு உதவிப் பொறியாளரை அலுவலகத்தில் சந்திப்பதைவிட, அந்த ஐந்து இடங்களுக்கும் உங்களோடு அரை மணி நேரம் நடந்துவரக் கேட்டுக்கொள்ளுங்கள். எதிர்ப்பு வரக்கூடிய மாற்றமாக இருந்தால், பிளாஸ்டிக் கூம்புகளும் வண்ணமும் வைத்து இரண்டு வாரம் காவல்துறையின் அனுமதியோடு தற்காலிகமாகச் செய்து பார்க்கச் சொல்லுங்கள். பார்க்கிங் போய்விடும், வியாபாரம் படுத்துவிடும் என்ற அச்சங்கள் கண்ணால் பார்த்தபின் குறையும். குறையாவிட்டால் வடிவத்தைத் திருத்த அப்போதும் வாய்ப்பிருக்கும்.

பணி தொடங்குவதற்கு முன் ஒரு வேலைநாளில் காலை 7.30 முதல் 9.30 வரை, வழியின் இரண்டு இடங்களில் நின்று, நடப்பவர்களையும் சைக்கிளில் செல்பவர்களையும் பெண்கள், ஆண்கள், சிறுவர், முதியவர் என்று பிரித்து எண்ணி வையுங்கள். வேலை முடிந்து ஆறு மாதம் கழித்து அதே நேரத்தில், அதே இடத்தில் மீண்டும் எண்ணுங்கள். தனியாகச் சைக்கிளில் செல்லும் பெண் பிள்ளைகளின் எண்ணிக்கை கூடியிருக்கிறதா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். அது கூடாவிட்டால் வழியில் இன்னும் ஏதோ ஓரிடம் சரியாகவில்லை, அவர்களிடமே கேட்டு அதைக் கண்டுபிடிக்க வேண்டும். அதைச் சரிசெய்தபின் அடுத்த வழித்தடத்தைத் திட்டமிடுங்கள். அது முதல் தடத்தை எங்காவது ஓரிடத்தில் சந்திக்கும்படி அமைத்தால், இரண்டு பள்ளிகளுக்கு மட்டுமே பயன்பட்ட வழி ரயில் நிலையம் வரைக்கும் நீளும்.